குக்கர் வெடிப்பது விதியல்ல

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தணிக்கை என்று ஒவ்வொரு மாதமும் பேசுகிறோம். இந்த மாதம் நம் அடுப்படிக்குள் போகலாம் என்று முடிவு செய்தோம். அதற்காகத்தான், வரும்போது வீட்டுக் குக்கரின் மூடியைக் கையோடு எடுத்து வாருங்கள் என்று போன கூட்டத்தில் கேட்டுக்கொண்டோம். நிறையப் பேர் கொண்டு வந்திருக்கிறீர்கள். "மூடியைத் தூக்கிக்கிட்டு கூட்டத்துக்குப் போறியான்னு வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க" என்று ஓர் அக்கா சொன்னார். சிரித்தால் சிரிக்கட்டும். இன்று இங்கே பார்க்கப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

ஒரு கேள்வி கேட்கிறோம், மனசாட்சிப்படி பதில் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற மோட்டார் சைக்கிள் பஞ்சரானால் எத்தனை நாளில் சரி செய்வார்கள்? அன்றைக்கே. கிணற்று மோட்டார் நின்றுபோனால்? கடன் வாங்கியாவது மறுநாள் மெக்கானிக்கைக் கூட்டி வருவார்கள். குக்கர் கேஸ்கட் தளர்ந்துபோனால்? "இருக்கட்டும், பார்த்துக்கலாம்" என்று மூன்று மாதம், ஆறு மாதம் ஓடிவிடும். அதுவரை நூல் சுற்றியும் மாவு ஒட்டியும் சமாளிப்போம். ஆனால் குக்கர் வெடித்தால் அடிபடுவது நம் முகமும் கையும்தான். அப்புறம், "அவளுக்குக் கவனம் பத்தாது" என்ற பேச்சையும் நாம்தான் கேட்க வேண்டும்.

குக்கர் நாம் தினமும் வேலை செய்கிற கருவி. வண்டிக்கும் மோட்டாருக்கும் வீட்டில் பணம் ஒதுக்குவதுபோல இதற்கும் ஒதுக்க வேண்டும். இன்று நாங்கள் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

குக்கருக்குள் என்ன நடக்கிறது?

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். எவ்வளவு தீயை ஏற்றினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர் ஆவியாகத்தான் போகும். குக்கரில் அந்த ஆவியை வெளியே விடாமல் அடைக்கிறோம். உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் கொதிக்கிற சூடும் கூடும், சுமார் 120 டிகிரி வரை போகும். அதனால்தான் பருப்பும் கறியும் சீக்கிரம் வேகின்றன.

அந்த அழுத்தம் எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் மூடியின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்றால், மூடி முழுவதையும் உள்ளிருந்து தள்ளுகிற பாரம் 300 கிலோவுக்கு மேல் வரும். 75 கிலோ மூட்டை நான்கு! அவ்வளவு பாரத்தைத்தான் காலையிலும் மாலையிலும் அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்குகிறோம்.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை. 1679-ஆம் ஆண்டு டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் இப்படி ஆவியை அடைத்து வேகவைக்கும் பாத்திரத்தை முதலில் செய்து காட்டினார். அதோடு பாதுகாப்பு வால்வையும் சேர்த்தே செய்தார். ஆவியை அடைத்தால் அது வெளியேறவும் வழி வைக்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த பாடம். வழி திறந்திருக்கும் வரை குக்கர் சாது. வழியை அடைத்தால்தான் ஆபத்து.

மூன்று காவல்காரர்கள்

உங்கள் கையில் இருக்கிற மூடியைத் திருப்பிப் பாருங்கள். மூன்று பாகங்கள் நம்மைக் காவல் காக்கின்றன.

முதலாவது, விசில் என்று நாம் சொல்கிற வெயிட்டும், அது உட்காருகிற குழாயும். அழுத்தம் அளவுக்கு வந்ததும் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறும். வெயிட்டின் கனமும் குழாய்த் துளையின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கணக்குப் போட்டுச் செய்தவை. ஒரு கம்பெனி குக்கருக்கு இன்னொரு கம்பெனி வெயிட்டைப் போட்டால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

இரண்டாவது, சேஃப்டி வால்வு. மூடியில் தனியாகப் பட்டன்போல இருக்கும். அதன் நடுவில், குறைந்த சூட்டிலேயே உருகிவிடும் உலோகம் வைத்திருப்பார்கள். விசில் குழாய் அடைத்துக்கொண்டாலோ, உள்ளே தண்ணீர் வற்றிக் காய்ந்துபோனாலோ, இது உருகி வழி விடும். தன்னை அழித்துக்கொண்டு நம்மைக் காப்பாற்றுகிற பாகம் இது.

மூன்றாவது, கேஸ்கட் என்கிற ரப்பர் வளையம். ஆவி ஓரத்தில் கசியாமல் பிடிப்பது இதன் வேலை. வெளிப்பக்கம் மூடுகிற சில குக்கர்களின் மூடி விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். மற்ற இரண்டும் வேலை செய்யாதபோது கேஸ்கட் அந்த வெட்டு வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியே விடும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் குக்கர் வெடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று கெட்டாலும் இன்னொன்று காக்கும். நாமே ஒவ்வொன்றாகக் கட்டிப்போட்டால்தான் விபத்து.

நீங்கள் கேட்ட கேள்விகள்

குழுக் கூட்டங்களில் நீங்கள் கேட்டவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"விசிலே வர மாட்டேங்குது, ஓரத்துல புஸ்ஸுன்னு ஆவி போகுது." இது பெரும்பாலும் கேஸ்கட் கோளாறு. கழற்றி எடுத்து விரலால் மடக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, தொளதொளவென்று இருந்தாலோ அதன் ஆயுசு முடிந்தது. நன்றாக இருக்கிறதா? அப்படியென்றால் கேஸ்கட் உட்காருகிற பள்ளத்திலும் பாத்திர விளிம்பிலும் சோற்றுப் பருக்கை, பருப்பு காய்ந்து ஒட்டியிருக்கும். துடைத்தால் போதும். விளிம்பு நசுங்கியிருந்தால் கேஸ்கட் மாற்றிப் பயனில்லை. குக்கர் மூடியால் பாத்திரத்தைத் தட்டுவதும், விளிம்பில் கரண்டியைத் தட்டுவதும் அந்த நசுங்கலுக்குக் காரணம். அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம்.

"ஓரத்துல கசியல, ஆனா விசிலும் வரல." உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். இந்த நேரத்தில் வெயிட்டை ஆட்டிப் பார்ப்பதும், குனிந்து பார்ப்பதும் கூடாது. குக்கர் தானாக ஆறட்டும். ஆறியபின் திறந்து, மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழாய் வழியாகப் பாருங்கள். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடைப்பு. மெல்லிய ஊசியாலோ கம்பியாலோ குத்தி எடுத்து, தண்ணீர் விட்டு ஊதிவிடுங்கள். குழாயில் அடைப்பு இல்லை, தண்ணீரும் போதுமான அளவு இருந்தது என்றால், தீ குறைவாக இருந்ததா என்று பாருங்கள்.

"விசில் அடிக்காம சொய்னு ஆவி மட்டும் போய்க்கிட்டே இருக்கு." வெயிட்டின் உள்பக்கம் அழுக்கு படிந்து சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். வெந்நீரில் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்துக் கழுவுங்கள்.

"பருப்பு வெச்சா விசில்ல தண்ணி பீச்சி அடிக்குது, அடுப்பு, சுவரு எல்லாம் மஞ்சள்." நிறைய வைத்ததும் தீ அதிகமானதும் காரணம். பருப்பு, அரிசி, பயறு, சுண்டல் எல்லாம் நுரைத்து ஊதிக்கொள்ளும். இவற்றைத் தண்ணீரோடு சேர்த்துப் பாதிப் பாத்திரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மற்ற காய்கறி, கறிக்கு முக்கால் கூட வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு. பருப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும் என்று நம் அம்மா, பாட்டி சொன்னது சரியான யோசனைதான். இப்படிப் பீச்சி அடிக்கிற நுரைதான் குழாயில் காய்ந்து அடைப்பாகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

"சேஃப்டி வால்வு போயிடுச்சு." வால்வு போனது நோய் இல்லை, நோயின் அடையாளம். குழாய் அடைத்ததா, தண்ணீர் வைக்க மறந்ததா என்று முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் அதே கம்பெனி வால்வை வாங்கி, கடையிலேயே மாட்டித் தரச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் குக்கரை மூடி போட்டு வைக்காதீர்கள்.

"உள்ளே கறுத்துப்போச்சு, வெள்ளையாப் படிஞ்சிருக்கு." நம் பகுதியில் பாதி ஊரில் உப்புத் தண்ணீர்தானே. வெள்ளைப் படிவு அந்தத் தண்ணீரின் சுண்ணாம்பு. அலுமினியப் பாத்திரம் கறுப்பதும் தண்ணீரால் வருவது. கொஞ்சம் புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் கொதிக்கவிட்டுத் தேய்த்தால் போய்விடும். அலுமினியத்துக்குச் சோடா உப்பும் வாஷிங் சோடாவும் வேண்டாம், அவை உலோகத்தை அரிக்கும். சாம்பாரையும் புளிக்குழம்பையும் ராத்திரி முழுக்க அதிலேயே வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

செய்யவே கூடாதவை

எங்கள் களப் பணியில் வீடு வீடாகப் போகும்போது பார்த்தவற்றைச் சொல்கிறோம். யார் வீடு என்று சொல்ல மாட்டோம், பயப்படாதீர்கள்.

சேஃப்டி வால்வு போன இடத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். "ஒரு வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்று கேட்டார்கள். ஒரு வருடமாக விசில் குழாய் அடைக்கவில்லை, அவ்வளவுதான். அடைக்கிற அன்றைக்குக் காப்பாற்ற அங்கே யாரும் இல்லை.

குழந்தை தூங்குகிறது, விசில் சத்தத்தில் எழுந்துவிடும் என்று வெயிட் மேல் கரண்டியை வைத்து அழுத்துகிறார்கள், ஈரத்துணியைச் சுருட்டி வைக்கிறார்கள். அந்தக் குழந்தைக்காகவே சொல்கிறோம், இதைச் செய்யாதீர்கள். ஆவியின் வாயைப் பொத்துவது இது.

அவசரத்துக்கு மூடியைப் பலவந்தமாகத் திறப்பது அடுத்த தப்பு. அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாக இறங்கும் வரை விடுங்கள். பிறகு வெயிட்டைக் கரண்டிக் காம்பால் லேசாகத் தூக்குங்கள். 'ஸ்' என்ற சத்தம் கொஞ்சமும் வரவில்லை என்றால் திறக்கலாம். நல்ல குக்கர் அழுத்தம் இருக்கும்போது எளிதில் திறக்காது. "மூடி மாட்டிக்கிச்சு" என்று ஆண்களைக் கூப்பிட்டு முறுக்கச் சொல்லாதீர்கள். அது மாட்டிக்கொள்ளவில்லை, பொறு என்று சொல்கிறது.

இன்னொரு நல்ல பழக்கம். வெயிட்டைக் கையால் எடுத்துப் போடுகிற குக்கராக இருந்தால், மூடியவுடனே வெயிட்டைப் போடாதீர்கள். குழாயில் ஆவி நேராக, ஒரே சீராக வருவதைப் பார்த்தபின் போடுங்கள். குழாய் திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஒவ்வொரு முறையும் காசில்லாமல் நடக்கிற சோதனை இது.

விறகு அடுப்பில் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேஸில் திருகினால் தீ குறையும், விறகில் அப்படி முடியாது. முதல் விசில் வந்ததும் விறகை வெளியே இழுத்துத் தணலில் விடுங்கள். தீ நாக்கு கைப்பிடியைத் தொடக் கூடாது. தொட்டால் கைப்பிடி வெடித்து, திருகு தளர்ந்து, தூக்கும்போது கையோடு வந்துவிடும். கொதிக்கிற சோறு காலில் கொட்டுவது இப்படித்தான்.

விசிலை எண்ணாதீர்கள், நேரத்தைப் பாருங்கள்

"மூணு விசில், அஞ்சு விசில்" என்றுதான் நமக்குப் பழக்கம். விசில் அடிப்பது, தேவைக்கு மேல் தீ இருக்கிறது என்பதற்கு அடையாளம். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து வேகவிடுங்கள். சூடு அதேதான் இருக்கும், கேஸ் மிச்சம், தண்ணீர் வற்றாது, குழாயும் அடைக்காது.

சாதாரணப் பாத்திரத்தைவிடக் குக்கரில் சமைத்தால் அரிசிக்கு 20 சதவீதம், ஊறவைத்த கடலைப் பருப்புக்கு 46 சதவீதம் எரிபொருள் மிச்சமாகும் என்று மத்திய அரசின் பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சி அமைப்பு சொல்கிறது. கேஸ்கட் கசிகிற குக்கரில் அந்த மிச்சம் ஆவியாகப் போகிறது. புதுக் கேஸ்கட்டுக்கு யோசிக்கிற நாம், போகிற கேஸுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

தீபாவளிப் பாத்திரச் சீட்டில் குக்கர் வரும், கல்யாணச் சீரில் குக்கர் வரும், தவணைக்காரர் வாசலில் கொண்டு வந்து தருவார். பளபளப்பைப் பார்ப்போம், எத்தனை லிட்டர் என்று கேட்போம். முத்திரையைப் பார்ப்பதில்லை.

2021 பிப்ரவரி 1 முதல், வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்தத் தரத்தின் எண் ஐ.எஸ். 2347. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்ற எழுத்துகளோடு உரிம எண் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும். வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். 2022-ஆம் ஆண்டு, தரக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பொருந்தாத குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க அனுமதித்ததற்காக, பெரிய இணையவழி விற்பனை நிறுவனங்களுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, குக்கரைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. நமக்கும் உரிமை உண்டு. பில் வாங்குங்கள், பத்திரப்படுத்துங்கள். கோளாறான பொருளை மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

சந்தையில் குவித்து விற்கிற, பெயரில்லாத கேஸ்கட்டும் வெயிட்டும் வேண்டாம். உங்கள் குக்கரின் கம்பெனி, எத்தனை லிட்டர் இரண்டையும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள்.

சுட்டுவிட்டால்

இவ்வளவுக்கும் பிறகு யாருக்காவது ஆவி அடித்துவிட்டால், முதல் வேலை, ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பற்பசை, மஞ்சள், மாவு, இங்க் எதுவும் பூசாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள். முகம், கண், கை, மார்பில் பட்டால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

தனியாக நினைத்தால் தள்ளிப்போகும். குழுவாகச் செய்தால் நடக்கும் என்பது நமக்குச் சேமிப்பிலேயே தெரிந்ததுதான். எனவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று. மாதத்தின் முதல் கூட்டத்தில், சேமிப்பு வசூலித்தபின் பத்து நிமிடம் மூடிச் சோதனை. ஒருவர் மூடியை மற்றவர் பார்க்க வேண்டும். நம் கண்ணுக்குப் பழகிப்போன குறை, அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும். குழாயில் வெளிச்சம் தெரிகிறதா, வெயிட் சுத்தமா, கேஸ்கட் மிருதுவா, வால்வு அசலா, கைப்பிடித் திருகு இறுக்கமா என்று ஐந்தே கேள்விகள்.

இரண்டு. ஒவ்வொரு குழுவும் எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர் என்று பட்டியல் எடுத்துத் தந்தால், கூட்டமைப்பு மூலம் அசல் கேஸ்கட்டையும் வால்வையும் மொத்தமாக வாங்கலாம். டவுனுக்குப் போக பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகிறது என்பதுதான் பலருக்குத் தடையாக இருக்கிறது. அந்தத் தடை நீங்கும்.

மூன்று. வருடத்துக்கு ஒரு முறை கேஸ்கட் மாற்றுவதை வீட்டுச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். வண்டிக்கு ஆயில் மாற்றும் செலவு எந்த வரியில் இருக்கிறதோ, அதற்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள். "இதுக்கெல்லாமா காசு" என்று யாராவது கேட்டால், மூடிக்கு அடியில் நான்கு மூட்டைப் பாரம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இப்போது பேச்சு போதும். எல்லாரும் மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் குழாய் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் தெரியாதவர்கள் முன்னால் வாருங்கள், ஊசியும் பிரஷ்ஷும் மேசையில் இருக்கின்றன. அடைப்பை எடுத்துவிட்டே வீட்டுக்குப் போகலாம்.